ஆலை சாயும்போது யாரைத் தாங்குவது?



இந்தக் கார்த்திகை இதழ் உங்கள் கைக்கு வரும்போது சம்பாப் பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டியிருக்கும். ஆனால் குறுவை அறுத்தவர்களில் பலருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இந்த 2025ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12 அன்று சொன்னபடி திறந்தது. தண்ணீர் வந்தது, விளைச்சலும் நன்றாக வந்தது. விளைந்த நெல்தான் எடுப்பார் இல்லாமல் ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசல்களில் கிடந்தது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு நிலையத்தில், பெரியவர் ஒருவர் தார்ப்பாயை விலக்கி என் கையைப் பிடித்து நெல் அம்பாரத்துக்குள் விட்டார். மேலாக ஈரம் சில்லென்று இருந்தது. முழங்கை மறைகிற ஆழத்தில் சுட்டது. கையை வெளியே எடுத்தபோது விரலிடுக்கில் வெள்ளை முளைகள் ஒட்டியிருந்தன. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. அதை 22 சதவீதமாகத் தளர்த்தும்படி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போயின.

அதே ஐப்பசியில், அக்டோபர் 31 அன்று, ஃபோர்டு நிறுவனம் தமிழக அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 2021இல் மூடுவதாக அறிவித்த மறைமலை நகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிப்பு, 2029இல் உற்பத்தி, 600க்கும் மேற்பட்டோருக்கு வேலை என்று செய்தி வந்தது. தினசரிகளில் இரண்டு செய்தியும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வந்திருந்தன.

பாபநாசம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் தபால் அட்டை போட்டிருக்கிறார். கோபத்தை அடக்கி எழுதிய எழுத்து. நஷ்டப்பட்ட கார் கம்பெனியை அரசு தேடிப் போய் அழைக்கிறது. விளைவித்துக் கொடுத்தவன் வாசலில் காவல் இருக்கிறான். நொடித்துப்போகும் கார் கம்பெனிகளை அரசு எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதையும் அவருக்குப் பதிலாக எழுதுகிறேன். அவர் கேள்வி காவிரி டெல்டாவில் பல வீட்டுத் திண்ணைகளில் கேட்கிற கேள்வி. பதிலும் டெல்டாவிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் மறைமலை நகர். கும்பகோணம் வழியாகவோ திருச்சி வழியாகவோ சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறியவர்கள் எல்லோரும், விடிகாலையில் செங்கல்பட்டு தாண்டிக் கண் விழிக்கும்போது அந்த ஆலையைக் கடந்திருப்பீர்கள். 1995இல் மஹிந்திராவோடு கூட்டாக இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு, 1999இல் அங்கே ஆலையைத் திறந்தது. ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் அங்கே இருந்தும் குஜராத்தின் சானந்த் ஆலையிலிருந்தும் வந்தவை. 2021 செப்டம்பர் 9 அன்று, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இனி இந்தியாவில் கார் தயாரிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று நிறுவனமே சொன்னது. சென்னை ஆலையின் கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது. அதற்கு முன்பு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் எத்தனை நாள் சம்பளம் என்ற கணக்கு ஒத்துவராமல் மே மாதக் கடைசியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள்.

நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தச் சாலையில் வேலைக்குப் போனார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூரிலோ நாகப்பட்டினத்திலோ ஐ.டி.ஐ. முடிப்பது, ஃபிட்டர், வெல்டர் சான்றிதழோடு ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம், மறைமலை நகர் என்று அறை எடுத்துத் தங்குவது, மாதம் பிறந்ததும் வீட்டுக்குப் பணம் அனுப்புவது. கடைமடையில் தண்ணீர் வராத ஆண்டுகளில் அந்தப் பணம்தான் கூட்டுறவுச் சங்க வட்டியையும் தங்கையின் காலேஜ் ஃபீஸையும் கட்டியது. டெல்டாவுக்கும் கார் ஆலைக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால், அவர் நம் ஊர் மணியார்டர்களைப் பார்க்காதவர்.

நிரந்தரத் தொழிலாளிக்குச் செட்டில்மென்ட் பேச ஒரு சங்கம் இருந்தது. பேசினார்கள், போராடினார்கள், ஓரளவு வாங்கினார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவனுக்கும், ட்ரெய்னி என்ற பெயரில் வருடக் கணக்கில் அதே லைனில் நின்றவனுக்கும் பேச யாருமில்லை. அவர்கள் எண்ணிக்கையில் சேராமலே ஊர் திரும்பினார்கள். சிலர் இப்போது நம் பக்கத்தில் அறுவடை வண்டி ஓட்டுகிறார்கள், சிலர் திருப்பூர் போய்விட்டார்கள்.

இவர்களுக்கும் பின்னால் ஒருவர் நிற்கிறார், உதிரிபாகம் செய்து கொடுத்த சின்னப் பட்டறைக்காரர். கார் இருக்கையின் அடியில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும். தகட்டை பிரஸ்ஸில் வைத்து அடித்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு டை வேண்டும். அந்த டை அந்த ஒரு மாடல் காருக்கு மட்டுமே ஆகும். பட்டறைக்காரர் வங்கியில் கடன் வாங்கி அதைச் செய்து வைத்திருப்பார். மாதம் இத்தனை ஆயிரம் பட்டை எடுப்போம் என்று கம்பெனி கொடுத்த எதிர்பார்ப்புக் கணக்கை நம்பித்தான் செய்திருப்பார். மாடல் நின்ற மறுநாள் அந்த டைக்கு விலை பழைய இரும்பு விலைதான். எடைக்குப் போடுவார்கள். வங்கிக் கடன் மட்டும் டையின் விலையிலேயே நிற்கும்.

துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்து வாசகர்களுக்கு இது புதுக் கதை இல்லை. பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆர்டர்கள் குறைந்த ஆண்டுகளில் அதை நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் கூடங்கள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள்.

சரி, ஃபோர்டுக்கு அன்று அரசு பணம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்க வேண்டுமா? கூடாது என்றுதான் சொல்வேன். இந்தியாவில் விற்ற கார்களில் அதன் பங்கு அப்போது 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. வாங்க ஆளில்லாத காரை வரிப்பணத்தில் தயாரித்து அடுக்குவதில் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் கம்பெனியைத் தாங்கத் தேவையில்லை என்பதோடு அரசின் வேலை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்களே, அதில்தான் எனக்கு வருத்தம். ஃபோர்டின் அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 15 அன்று, மத்திய அமைச்சரவை வாகனத் தொழிலுக்கு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகையாக 25,938 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்குத் தேர்வான நிறுவனங்களின் பட்டியலில் ஃபோர்டும் இருந்தது; பிறகு வேண்டாம் என்று விலகிக்கொண்டது. போகிற கம்பெனிக்குக் கூடக் கதவு திறந்து வைத்திருந்த அந்தத் திட்டத்தில், எடைக்குப் போன டைக்கு ஒரு வரி இல்லை.

ஆகவே அரசு கார் கம்பெனிகளுக்குக் கைகொடுக்கலாமா என்று கேட்பதே காலம் கடந்த கேள்வி. கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2019இல் வண்டி விற்பனை படுத்தபோது, அரசுத் துறைகள் புது வண்டி வாங்கத் தடை இருந்ததை நீக்கினார்கள், தேய்மானக் கழிவைக் கூட்டினார்கள், அடுத்த மாதமே கம்பெனி வரியைக் குறைத்தார்கள். இந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதே நாளில் டிராக்டருக்கு 12இலிருந்து 5 ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கும் அதில் பங்கு வந்தது.

நாமும் தாங்கப்பட்டவர்கள்தான். இதைச் சொல்லும்போது பாபநாசத்து நண்பர் என்னைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள் பயன்பெற்றார்கள். சன்ன ரக நெல்லுக்கு 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் என்பது சந்தை தானாகக் கொடுக்கும் விலை இல்லை. அரசு நின்று வாங்குவதால் வருகிற விலை. அது பிச்சை இல்லை, ஊருக்குச் சோறு போடுகிறவனுக்குச் சேர வேண்டிய நியாயம். அந்த நியாயத்தை நாம் கேட்டு வாங்கும்போது, ஓரகடத்தில் வேலை போன நம் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு நியாயம் கேட்கத்தான் வேண்டும். விவசாயிக்கா கார் கம்பெனிக்கா என்று நம்மை எதிரெதிரே நிறுத்துகிற பேச்சில் இரண்டு இடத்திலும் கடைசியில் நிற்கிறவன் காணாமல் போகிறான்.

அந்தக் கடைசியில் நிற்கிறவனைப் பற்றிச் சொல்ல, கார் ஆலையை விட நம் கரும்பு ஆலையே பொருத்தம். பாபநாசம் வட்டம் திருமண்டங்குடியில் ஒரு தனியார் சர்க்கரை ஆலை நொடித்தது. திவால் நடவடிக்கைக்குப் போய் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2022 நவம்பர் கடைசியில் கரும்பு விவசாயிகள் அதன் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பல ஆண்டுகளாக வராத கரும்புப் பணம் வேண்டும். தங்கள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடனிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும். இவை இரண்டும்தான் முக்கியக் கோரிக்கைகள். ஆண்டுகளைத் தாண்டியும் அந்தப் போராட்டம் நீண்டது.

கரும்பு எப்படி ஆலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு அவர்கள் வலி புரியும். நட்டதும் ஆலையில் பதிவு. பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருந்து வெட்டு உத்தரவு வாங்க வேண்டும். வெட்டிய கரும்பைக் களத்தில் வைத்துப் பேரம் பேச முடியாது. நாள் போகப் போகக் காய்ந்து எடை குறையும், சாறு கெடும். டிராக்டர் வரிசையில் ராத்திரி முழுக்க நின்று எடைமேடையில் ஏற்றி, ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அந்த நொடியில் விவசாயி ஆலைக்குக் கடன் கொடுத்தவர் ஆகிவிடுகிறார். வட்டி பேசாமல், ஈடு வாங்காமல், கையெழுத்து வாங்காமல் கொடுத்த கடன். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று தெளிவாகவே சொல்கிறது. பட்டறைக்காரருக்கும் இப்படி ஒரு சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும்; தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. புத்தகத்தில் இரண்டும் அழகாக இருக்கின்றன.

ஆலை நொடித்ததும் என்ன ஆகிறது? 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, கடன் கொடுத்தோர் குழு ஒன்று கூடி ஆலையை யாருக்கு, என்ன விலைக்கு விடுவது என்று முடிவு செய்யும். அந்தக் குழுவில் ஓட்டு வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். பொருளாகக் கொடுத்தவர்களுக்கு ஓட்டு இல்லை. அவர்களுக்கு வர வேண்டியது மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் ஒரு பிரதிநிதி போய் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். ஆலையைக் கலைத்து விற்றால் பணம் எந்த வரிசையில் போகும் என்பதை 53ஆம் பிரிவு சொல்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, ஈடு வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர்களின் இரண்டாண்டு நிலுவையும் ஒரே படியில். பிறகு மற்ற ஊழியர்கள், ஈடில்லாக் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள், அரசின் வரி பாக்கி. அதற்கெல்லாம் பின்னால் மிச்சமுள்ள கடன்கள் என்ற தலைப்பின் கீழே கரும்பு போட்டவரும் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தவரும் நிற்கிறார்கள். அந்த வரிசையில் அவர்கள் முறை வரும்போது பானையில் பெரும்பாலும் பருக்கை இருப்பதில்லை. வங்கி, கடன் கொடுக்கும் முன்பே கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது, ஈடு வாங்கியது, வட்டியில் ஆபத்துக்கும் சேர்த்து விலை வைத்தது. விவசாயிக்கு ஆலையின் கணக்குப் புத்தகம் எந்த நிறம் என்றுகூடத் தெரியாது. ஆபத்தைத் தெரிந்து ஏற்றவர் முன்னால் வாங்கிக்கொள்கிறார், தெரியாமல் ஏற்றவர் பின்னால் நிற்கிறார். இந்த வரிசையை மாற்றாமல் எந்தத் தொழிலுக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் அது மேலே உள்ளவர்களுக்குக் கொடுத்ததாகத்தான் முடியும்.

அமெரிக்காவில் 2008இல் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இரண்டும் சாயும் நிலையில் இருந்தன. முதலில் புஷ், பிறகு ஒபாமா, மொத்தம் சுமார் 8,000 கோடி டாலர் வரிப்பணத்தை வாகனத் தொழிலுக்குள் இறக்கினார்கள். சும்மா இறக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009 ஜூன் 1 அன்று திவால் மனு போட்டது. பழைய பங்குதாரர்களின் பங்கு வெறும் காகிதமானது. தலைமை நிர்வாகி அதற்கு முன்பே விலக்கப்பட்டார். புதிய கம்பெனியில் சுமார் 61 சதவீதம் அமெரிக்க அரசின் கைக்கு வந்தது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்று அரசு வெளியேறியது. எல்லாம் கணக்குப் பார்த்தபோது 900 கோடி டாலருக்கும் அதிகமான தொகை திரும்பி வரவில்லை. லட்சக் கணக்கான வேலைகள் நின்றதற்கு அந்த விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஃபோர்டு எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனி 2006லேயே தன் சொத்துகளை அடகு வைத்துப் பெரும் கடன் வாங்கி வைத்திருந்ததால் இந்த உதவியை வாங்கவில்லை. ஆனால் அதன் தலைவர் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னால் போய், போட்டிக் கம்பெனிகளைக் காப்பாற்றுங்கள் என்று பேசினார். காரணம் எளிது: மூவருக்கும் உதிரிபாகம் கொடுத்தவர்கள் ஏறக்குறைய ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸ் சரிந்தால் அந்தப் பட்டறைகள் சரியும். பட்டறைகள் சரிந்தால் ஃபோர்டின் லைனும் நிற்கும். பெரிய ஆலை நிற்பது சின்னப் பட்டறையின் தோளில்தான் என்பதை அந்தத் தொழிலின் உச்சியில் இருந்தவரே சபையில் ஒப்புக்கொண்டார்.

அங்கேயும் கடைசி ஆளுக்கு அநியாயம் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து 1999இல் பிரிந்து போன டெல்ஃபை என்ற உதிரிபாகக் கம்பெனியில், சங்கத்தில் இல்லாத சம்பளப் பிரிவினர் பலருக்கு ஓய்வூதியம் வெட்டப்பட்டது. சங்கத்தில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் காக்கப்பட்டது. ஆலைகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பழையவர்கள் வாங்கியதில் ஏறக்குறைய பாதிக் கூலிக்கு அதே லைனில் நின்றார்கள்.

நம் நாட்டிலும் ஒரு கார் கம்பெனியை அரசு தூக்கி நிறுத்தியிருக்கிறது. அன்றைய பிரதமரின் மகன் சஞ்சய் காந்தி 1971இல் தொடங்கிய மாருதி லிமிடெட், சொன்ன காரைச் சந்தைக்குக் கொண்டுவராமலே 1978இல் நீதிமன்ற உத்தரவால் கலைப்புக்குப் போனது. அவர் இறந்த ஆண்டான 1980இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த முடிவில் குடும்பப் பாசம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறகு நடந்தது நல்ல முறை. பழைய கம்பெனிக்கு ஊட்டம் கொடுத்து ஓட்டவில்லை. 1981இல் புது நிறுவனம் அமைத்து, 1982இல் சுசுகியைப் பங்காளியாகச் சேர்த்து, 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800ஐ வெளியே விட்டார்கள். 2007இல் கடைசிப் பங்கையும் நல்ல விலைக்கு விற்று அரசு வெளியே வந்தது. இதே காலத்தில் சென்னையை ஒட்டி வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1980களின் கடைசியில் மூடப்பட்டபோது யாரும் வரவில்லை. நாட்டு நலன் என்ற ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அரசு எடுத்து நடத்துவதே மருந்து என்று நினைக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் லேலண்டை அந்நாட்டு அரசு 1975இல் எடுத்துக்கொண்டது. பணம் கொட்டிக் கொட்டி, பெயர் மாற்றி மாற்றி, தனியார் கைக்குப் போன பிறகும் பிழைக்காமல், கடைசியில் ரோவர் என்ற பெயரில் 2005இல் சுமார் 6,000 பேரைத் தெருவில் விட்டு மூடப்பட்டது. நம் டவுன் பஸ்ஸில் எழுதியிருக்கும் லேலண்டின் தாய்க் கம்பெனி அதுதான். தாய் போய்விட்டாள், எண்ணூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். நம் பக்கத்திலேயே மயிலாடுதுறைக்கு அருகே தலைஞாயிறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. அது கூட்டுறவு ஆலை, அரசின் மேற்பார்வையில் இருந்த ஆலை. தஞ்சாவூரை ஒட்டிய குருங்குளத்தில் அரசின் அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருப்பதும் உண்மை. யார் பெயரில் இருக்கிறது என்பதை விட, கரும்புக்காரருக்கு 14 நாளில் பணம் போகிறதா என்று பார்ப்பதுதான் நல்ல சோதனை.

பாபநாசத்து நண்பருக்கு என் பதிலை இப்போது சொல்லலாம். அரசு இறங்க வேண்டும். ஒரு ஆலை சாய்ந்தால் ஊரே சாயும் என்றால், சந்தை பார்த்துக்கொள்ளும் என்று கை கட்டி நிற்பது ஆட்சி ஆகாது. ஆனால் பணத்தைக் கம்பெனியின் கணக்கில் போடுவதற்கு முன்னால், லைனில் நின்றவன் கையில் போட வேண்டும். ஜெர்மனியில் வேலை குறையும் காலத்தில் தொழிலாளியை அனுப்பாமல் நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளை குட்டி உள்ளவருக்கு 67 சதவீதத்தை அரசு ஈடு செய்கிறது. நம்மிடமும் இ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. எத்தனை பேருக்குத் தெரியும்? அதை ஓராண்டுக்கு நீட்ட வேண்டும். ட்ரெய்னிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விண்ணப்பிக்கத் தேவையில்லாமல் தானாகப் போய்ச் சேர வேண்டும்.

திவால் சட்டத்தில் கரும்பு விவசாயியையும் சிறு பட்டறைக்காரரையும் தொழிலாளிக்குச் சமமான படிக்கு ஏற்ற வேண்டும். கடன் கொடுத்தோர் குழுவில் அவர்களுக்கு ஓட்டு வேண்டும். இதற்கு ஒரு பைசா வரிப்பணம் தேவையில்லை. வங்கிகள் எதிர்க்கும். இனிமேல் ஆலைக்குக் கடன் கொடுக்கும் முன் கரும்புப் பாக்கி எவ்வளவு என்று அவர்களே ஆலையைக் கேட்பார்கள். கேட்கட்டும்.

வரிப்பணம் உள்ளே போனால் பழைய முதலாளியின் பங்கு முதலில் கரைய வேண்டும், அரசுக்குப் பங்கு வர வேண்டும், அமெரிக்காவிலும் மாருதியிலும் நடந்தது போல. வரும்போது கொடுக்கிற சலுகைகளுக்கும் கணக்கு வேண்டும். மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தரும் சலுகையோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றதை நாம் பார்த்தோம். இப்போது மறைமலை நகருக்குத் திரும்பி வருகிறவர்களை வரவேற்கிறேன், மனதாரவே. ஆனால் ஒப்பந்தத்தில் என்ன சலுகை, எத்தனை ஆண்டுக்கு, இடையில் போனால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், அந்தப் பணம் யாருக்குப் போகும் என்பதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். 2022இல் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த 600 இடங்களில் முன்னுரிமை உண்டா என்றும் கேட்க விரும்புகிறேன். அவர்களுக்கு அந்தத் தரை தெரியும்.

இனி உங்களிடம் ஒரு வேலை. தை இதழில், ஆலையிடமும் கம்பெனியிடமும் வர வேண்டிய பாக்கியைக் கேட்டு வாங்குவது எப்படி என்று ஒரு வழிகாட்டிப் பகுதி வெளியிடுகிறோம்: கரும்புக்கு 14 நாள் கணக்கில் வட்டி கேட்டு மனு எழுதும் முறை, சிறு தொழில்களுக்கு 45 நாள் சட்டத்தில் புகார் கொடுக்கும் முறை, வேலை இழந்தோர் இ.எஸ்.ஐ. உதவிக்கு விண்ணப்பிக்கும் முறை. எடைச்சீட்டு, பில், வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், வங்கி நோட்டீஸ் என்று உங்களிடம் எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வெளியிட மாட்டோம். ஓரகடத்திலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் திரும்பி வந்த தம்பிகள் எழுதத் தயங்கினால், வீட்டில் அக்காவோ அம்மாவோ எழுதினாலும் போதும். மார்கழி 15க்குள் கிடைத்தால் வழக்கறிஞரிடம் காட்டிப் பதிலோடு சேர்த்துப் போட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்